பெரியம்மாவின் கையும் அவசரக்கார மோட்டாரும்

பக்கவாதத்துக்குப் பிறகு மூடியே போன பெரியம்மாவின் விரல்களைத் திறந்துவிட வீட்டிலேயே ஒரு கருவி செய்ய நினைத்தேன். அதற்கு மோட்டார் வாங்குவதற்கு முன்னால் நான் எடுத்த முதல் கருவி, கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு. பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்போமே, அது. ஒரு துணிப் பட்டியைப் பெரியம்மாவின் நடுவிரல் நுனியில் வளையமாக மாட்டி, மணிக்கட்டை மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடியிருந்த விரலை மெல்ல இழுத்துப் பார்த்தேன். ரொம்ப மெதுவாக இழுத்தால் 380 கிராம் காட்டியது. கொஞ்சம் வேகமாக இழுத்ததும் 700-ஐத் தாண்டியது. விரல் அதே, தராசு அதே, வேகம் மட்டும் வேறு.

பக்கவாதத்துக்குப் பிறகு வரும் தசை விறைப்பின் குணமே இதுதான். 1980-இல் ஜேம்ஸ் லான்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் கொடுத்த வரையறையிலேயே, இழுக்கும் வேகத்தைப் பொறுத்து எதிர்ப்பு கூடும் என்பது வந்துவிடுகிறது. தசை சட்டென்று நீளும்போது தண்டுவடம் தானாகவே 'சுருங்கு' என்று உத்தரவு போடும். மூளை நலமாக இருக்கும்வரை அந்த உத்தரவை அடக்கி வைக்கும். அடக்கும் வழி அறுந்துபோனால் தண்டுவடம் வைத்ததுதான் சட்டம். ஆக, என்ன செய்தாலும் மெதுவாகச் செய்ய வேண்டும் என்ற முதல் விதி, ஒரு கம்பி வளைப்பதற்கு முன்பே என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அதை எத்தனை தடவை மறந்தேன் என்பதுதான் இந்தப் பதிவில் பாதி.

பெரியம்மாவுக்கு மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால். நடை திரும்பியது, பேச்சு பெரும்பாலும் திரும்பியது, எட்டு மாதம் ஆன பிறகும் கை மட்டும் மூடியே இருந்தது. தையல் தொழிலில் நாற்பது வருடம் ஓடிய கை அது. பிடிக்க முடியும், பிடித்ததை விடத்தான் முடியாது. துணியைப் பிடித்தால், இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் மீட்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் மாற்றியமைத்த ஆஷ்வொர்த் அளவுகோலில் 2 என்று எழுதியிருந்தார். 0 முதல் 4 வரை போகிற அந்த அளவுகோலில் 2 என்றால் விறைப்பு நன்றாகவே தெரியும், ஆனாலும் மூட்டை முழுக்க அசைக்க முடியும் என்று பொருள். மூட்டு அசைகிறது என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இறங்கினேன். மூட்டே இறுகிப்போயிருந்தால் கேபிள் கட்டி இழுப்பது உதவியாக இருக்காது, காயப்படுத்தும்.

இதில் இறங்கியதற்கு வீரம் காரணமில்லை, எண்ணிக்கைதான் காரணம். பயிற்சி அமர்வுகளில் கை உண்மையில் எத்தனை முறை வேலை செய்கிறது என்று 312 அமர்வுகளைக் கூடவே இருந்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. ஓர் அமர்வுக்குச் சராசரி 32 முறை. மூளை தன் வழிகளை மாற்றிக்கொள்கிறது என்று காட்டிய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாள் கணக்கே நூற்றுக்கணக்கில் இருக்கும். வீட்டில் யாராவது உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூறு தடவை விரலைப் பிரித்து விட்டால் போதுமே என்று தோன்றும். நான் ஒரு வாரம் செய்தேன். நாற்பதாவது தடவையில் எனக்கே மனம் எங்கோ போய்விடுகிறது, வேகம் கூடிவிடுகிறது, கை இறுகிக்கொள்கிறது. சலிக்காத ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்தேதான் இறங்கினேன். பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்த ராட்டுல்ஸ் என்ற பெரிய ஆய்வு 2019-இல் வெளியானது. எம்ஐடி-மானஸ் என்ற பெயர்பெற்ற ரோபோவில் பயிற்சி செய்தவர்களின் கைச் செயல்திறன், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்படவில்லை என்று அதில் முடிவு வந்தது. அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கே அந்தக் கதி என்றால், மேசைமேல் நான் ஒட்டி வைக்கும் மோட்டாரிடம் அற்புதத்தை எதிர்பார்க்கக் கூடாது. பெரியம்மாவிடமும் இதைச் சொன்னேன். "நீ மொதல்ல செய்டி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

காற்றா, கேபிளா?

விரலை அசைக்க இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, விரலின் முதுகில் ரப்பர் குழாயை வைத்துக் காற்றையோ நீரையோ ஏற்றுவது; ஹார்வர்டில் செய்த மென்கையுறை அந்த வகை. இன்னொன்று, கையின் சொந்தத் தசைநாண்களைப் போலவே கேபிளால் இழுப்பது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் எக்ஸோ-குளோவ் அப்படி. மோட்டாரே இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் வைத்துத் திறந்து பிடிப்பவையும் உண்டு.

காற்று வழி பார்க்க அழகாக இருந்ததால் அதில்தான் ஆரம்பித்தேன். சிலிகோன் ஊற்றி ஒரு விரல் வார்த்தேன். காற்றை விட்டதும் வளைவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் பலூனாக ஊதிக்கொண்டது. சுற்றிலும் நூல் சுற்ற வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது. நூல் பக்கவாட்டு ஊதலைத் தடுத்தால்தான் காற்று நீளவாக்கில் வேலை செய்யும். சுற்றினேன், வளைந்தது. ஆனால் நான் செய்தது விரலை மடக்கும் விரல். பெரியம்மாவுக்கு மடக்க உதவி தேவையே இல்லை. பம்பின் இரைச்சல் வேறு. அந்தச் சிலிகோன் விரல் இப்போது மேசையில் பேனா சாய்த்து வைக்கப் பயன்படுகிறது.

கேபிளுக்கு வந்தேன். மேசைமேல் ஒரு பலகையில் நான்கு சர்வோ மோட்டார்கள் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பவை), விரலுக்கு ஒன்று. கட்டை விரலுக்கு மோட்டார் வைக்கவில்லை. அது அசையும் திசைகளை ஒரு கேபிளில் கட்டிவிடலாம் என்று நினைப்பது பேராசை. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை வளைத்து, கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கிவிடாமல் விலக்கிப் பிடித்தால் போதும் என்று விட்டுவிட்டேன். மோட்டாரைக் கையில் கட்டாமல் மேசையில் வைத்ததற்குக் காரணம் எடை. பலவீனமான தோளில் அரைக் கிலோவைத் தொங்கவிட்டால் விரலுக்குச் செய்கிற நல்லதைத் தோளில் கெடுத்துவிடுவோம். மோட்டாரிலிருந்து கைக்கு டெஃப்லான் குழாய், அதற்குள் தூண்டிலுக்குப் போடும் பின்னல் நரம்பு. ஒற்றை இழை நைலான் நரம்பைப் போட்டுப் பார்த்தேன், இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது. பின்னல் நரம்பு நீளாது, ஆனால் வழவழப்பில் முடிச்சு நழுவும். முடிச்சில் ஒரு சொட்டுப் பசை வைத்தும் நழுவியது. கடைசியில் சின்ன அலுமினியக் குழலுக்குள் நரம்பை இரண்டு தடவை நுழைத்து இடுக்கியால் நசுக்கினேன். அது நின்றது.

கணக்கு இது. நடுவிரல் நுனியில் 380 கிராம், நுனியிலிருந்து அடிக்கணுவரை 8 செ.மீ. பெருக்கினால் அடிக்கணுவில் ஏறத்தாழ 3 கி.கி.-செ.மீ. முறுக்கு விசை. கேபிள் விரலின் முதுகை ஒட்டிப் போனால் மூட்டின் மையத்திலிருந்து 12 மி.மீ. தள்ளித்தான் இருக்கும். 3-ஐ 1.2-ஆல் வகுத்தால் கேபிளில் 2.5 கிலோ இழுவை. மோட்டாரின் கப்பி ஆரம் 15 மி.மீ., ஆக 3.8 கி.கி.-செ.மீ. மோட்டார் தாளில் 6 வோல்ட்டுக்கு 11 என்று போட்டிருந்தார்கள். அது மோட்டார் அசையாமல் முட்டி நிற்கும் கணக்கு. தொடர்ந்து வேலை வாங்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்பக் கூடாது. சரி, கொஞ்சம் மீறுகிறது, பரவாயில்லை என்று ஓட்டினேன். பத்து நிமிடத்தில் மோட்டாரைத் தொட முடியவில்லை.

நான் விட்டது உராய்வை. குழாய் வளையும்போது உராய்வு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். என் குழாய் மேசையைச் சுற்றி, முழங்கையைச் சுற்றி மொத்தம் 270 பாகை வளைந்திருந்தது. டெஃப்லான் என்றாலும் அந்த வளைவில் இழுவை 1.7 மடங்கு ஆகிவிடும். பலகையைத் தூக்கிக் கைக்கு நேர் பின்னால் வைத்து மொத்த வளைவை 90 பாகைக்குக் கொண்டுவந்தேன், 1.2 மடங்காக இறங்கியது. கூடவே அடிக்கணுவின் மேல் 6 மி.மீ. உயரமுள்ள சின்ன வளைவுப் பாலம் ஒன்றை 3டி பிரின்டரில் அடித்து, கேபிளை அதன் மேல் போக விட்டேன். மூட்டிலிருந்து தூரம் 18 மி.மீ. ஆனதும் இழுவை 1.7 கிலோவாகக் குறைந்தது. இரண்டு மாற்றமும் சேர்ந்து மோட்டார் வேலை 3 கி.கி.-செ.மீ. அளவில் நின்றது. பெரிய மோட்டார் வாங்கியிருந்தால் இந்த இரண்டும் எனக்குத் தெரிந்தே இருக்காது.

துணி வேலை

கையுறை விஷயத்தில் நான் சொதப்பிய விதம் தனி. கடையில் வாங்கிய மெல்லிய கையுறையில் வளையங்களைத் தைத்துக் கொண்டுபோனேன். மூடிய கையில் கையுறை மாட்டுவது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு விரலை நுழைத்தால் இன்னொன்று மடங்கிக்கொள்ளும். இருபத்திரண்டு நிமிடம். முடிந்தபோது அவர் கை கல்லாக இறுகியிருந்தது, எனக்கு வியர்த்திருந்தது.

பெரியம்மா கையுறையை இடது கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஏன்டி, உள்ளங்கைப் பக்கம் துணி எதுக்கு? இழுக்கறது முதுகுப் பக்கம்தானே?" என்றார். எனக்குப் பதில் இல்லை. கையுறை என்றால் கையுறை மாதிரிதான் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன், அவ்வளவே. உள்ளங்கையை மொத்தமாக வெட்டி எடுத்தோம். இப்போது கை மேசையில் கவிழ்ந்திருக்க, மேலிருந்து ஒரு பட்டையாக வைத்து, விரலுக்கு விரல் வெல்க்ரோ போட்டால் முடிந்தது. நான்கு நிமிடம். உள்ளங்கை வெறுமையாக இருப்பதால் வேர்வையும் இல்லை, தொடு உணர்ச்சியும் மறையவில்லை.

விரல் வளையத்துக்கு நான் நேராக வெட்டிய துணி ஓரம் தோலில் பதிந்து கோடு போட்டது. "கிராஸா வெட்டு. நேர் துணி இழுத்தா குடுக்காது, கிராஸ் குடுக்கும்" என்றார். இழைக்குக் குறுக்கே 45 பாகையில் வெட்டிய துணி விரல் வடிவத்துக்கு ஏற்ப நெகிழும் என்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவர் சொல்ல, நான் தைக்க, பிரிக்கச் சொல்ல, மறுபடி தைக்க. பின்தையலில் என் கை இன்னும் அவருக்குத் திருப்தியாக வரவில்லை.

தோல் விஷயத்தில் ஒரு கண்டிப்பு வைத்துக்கொண்டோம். அந்தக் கையில் அவருக்கு உணர்ச்சி குறைவு. அழுத்தினால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், ஏனென்றால் தெரியாது. ஒவ்வொரு முறை கழற்றியதும் கணுக்களையும் விரல் இடுக்குகளையும் பார்ப்பேன். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அன்றைக்கு அந்த வளையம் பிரிக்கப்படும்.

நான் கொண்டாடிய நாள்

முதல் முழுச் சோதனையில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இழுத்ததுமே நான்கு விரலும் பூ மாதிரி விரிந்தன. 1.7 என்று கணக்குப் போட்டிருந்தேன், அதைவிடக் குறைவு! வீடியோ எடுத்துப் பிசியோதெரபிஸ்ட்டுக்கு அனுப்பினேன். அவர் ஒரே வரி பதில் அனுப்பினார்: "மணிக்கட்டைப் பாருங்கள்."

பார்த்தேன். கை தலையணையின் ஓரத்தில் வைத்திருந்ததால் மணிக்கட்டு கீழே தொங்கியிருந்தது. நீங்களே செய்து பாருங்கள்: கையைத் தளர்த்தி மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டால் விரல்கள் தானாக நீளும், மணிக்கட்டை மேலே தூக்கினால் தானாக மடங்கும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்துதான் வருகின்றன. மணிக்கட்டு தொங்கினால் அவை தளர்ந்துவிடும். என் மோட்டார் திறந்தது ஏற்கெனவே திறந்திருந்த கதவை. அப்படித் தொங்கிய கையால் எதையும் எடுக்கவும் முடியாது.

மணிக்கட்டை 15 பாகை மேல்நோக்கி நிறுத்தும் முன்கைத் தகடு ஒன்றைப் பிசியோதெரபிஸ்ட்டே வெந்நீரில் இளக்கி வடித்துக் கொடுத்தார். அதைக் கட்டியதும் இழுவை கணக்கில் வந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. கூடவே அடுத்த பிரச்சினையும் வந்தது. அடிக்கணு மட்டும் பின்னால் மல்லாந்தது, நடுக்கணுவும் நுனிக்கணுவும் மடங்கியபடியே இருந்தன. பருந்தின் கால் நகம் மாதிரி. நான் பெருமையாக வைத்த 6 மி.மீ. பாலம்தான் குற்றவாளி. அடிக்கணுவில் கேபிளுக்கு நெம்புதூரம் அதிகம் என்பதால் இழுவை முழுவதும் முதலில் அங்கே செலவாகிறது.

தீர்வு, முன்கைத் தகட்டை விரலின் முதல் எலும்புவரை நீட்டி, அடிக்கணு நேர்கோட்டுக்கு வருவதற்கு 10 பாகை முன்னாலேயே முட்டி நிற்கச் செய்தது. அடிக்கணு முட்டி நின்ற பிறகு மிச்ச இழுவை நடுக்கணுவுக்குப் போகிறது. கேபிளின் முனையையும் விரல் நுனியிலிருந்து எடுத்து நடு எலும்பில் கட்டினேன். நுனியில் கட்டினால் நுனிக்கணு பின்னால் வளைகிறது. தினமும் நூறு முறை அப்படி வளைத்தால் அந்த மூட்டின் கதி என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

மின்சாரம், சுருக்கமாக

மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பலகையும் ஒரே மின்வழியில் இருந்தால் மோட்டார் இழுக்கும்போது பலகை மயங்கி விழும். எல்லோரும் ஒரு தடவை செய்கிற தப்பு. நானும் செய்தேன். தனித்தனி மின்வழங்கி, பொதுத் தரைக் கம்பி, மோட்டார் பக்கம் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி.

அதைவிட மோசமானது, மின்சாரம் வந்த நொடியில் சர்வோக்கள் எங்காவது ஒரு நிலைக்குத் துள்ளியது. அப்போது கை உள்ளே இல்லை. இருந்திருந்தால் என்ற நினைப்பிலேயே அன்று வேலையை நிறுத்திவிட்டேன். இப்போது பலகை விழித்து, சரியான துடிப்பை அனுப்பத் தொடங்கிய பிறகுதான் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் போகும். அதுவும் பெரியம்மா இடது கையால் பெரிய பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை மட்டும். கையை எடுத்தால் மின்சாரம் போய்விடும், மோட்டார் பிடியை விடும். மென்பொருளை நம்பி இந்த வேலையைக் கொடுக்கவில்லை. பொத்தான் நேராக மின்கம்பியையே அறுக்கிறது.

கேபிளுக்கும் விரல் பட்டிக்கும் நடுவே ஒரு ஜோடி காந்தம். இழுவை 3.5 கிலோவைத் தாண்டினால் 'டக்'கென்று பிரிந்துவிடும். காந்தங்களுக்கு நடுவே ஒட்டுநாடாவை ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு என்று ஒட்டித்தான் அந்த 3.5-ஐப் பிடித்தேன். இந்தக் கருவியிலேயே எனக்கு அதிகம் பிடித்த பாகம் இது.

கை ஜன்னலைப் பார்த்த கதை

எல்லாம் ஓடியது. ஐந்து விநாடியில் மெல்லத் திறக்கும், பத்து விநாடி பிடித்திருக்கும், மெல்ல விடும். 40, 40, 40 என்று ஒரு நாளைக்கு 120 முறை. மூன்று வாரம். விறைப்பு, பயிற்சி முடிந்த சில மணி நேரத்துக்கு இளகியது, மறுநாள் காலையில் பழையபடி. மோட்டாரை நிறுத்திவிட்டு "திறங்க பெரியம்மா" என்றால் ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் எப்படியோ அப்படியே.

நான்காவது வாரம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கவனித்தேன். கை மேசையில் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "அதுதான் செய்யுதே, நான் எதுக்கு?" என்றார்.

இதற்குத் துறையில் ஒரு பெயரே இருக்கிறது, மெத்தனம் என்று சொல்லலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டேவிட் ரெய்ன்கென்ஸ்மையர் குழுவினர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்: இயந்திரம் உதவினால் உடல் தன் முயற்சியைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். சோம்பல் அல்ல, உடம்பின் சிக்கன புத்தி. ஆகவே தேவையான அளவுக்கு மட்டும் உதவ வேண்டும். படித்திருந்தேன். படித்ததற்கும் ஜன்னலைப் பார்த்த கண்ணைப் பார்த்ததற்கும் வித்தியாசம் இருந்தது.

அப்படியானால் மோட்டார் காத்திருக்க வேண்டும். அவர் முயல்கிறார் என்று தெரிந்த பிறகே இழுக்க வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது?

முன்கைத் தோலில் மின்முனை ஒட்டித் தசை மின்துடிப்பைப் பிடிக்கப் பார்த்தேன். விரலை நீட்டும் தசைமேல் ஒட்டி, "திற" என்றதும் துடிப்பு வந்தது. ஆனால் "மூடு" என்றாலும் வந்தது. மடக்கும் தசைமேல் ஒட்டினால் அங்கேயும் இரண்டுக்கும் வந்தது. நீட்ட முயலும்போதே மடக்கும் தசைகளும் சேர்ந்து இறுகுகின்றன. அவர் கையின் சிக்கலே அதுதான், என் மின்முனை அதைத்தான் நேர்மையாகக் காட்டியது. இதைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நான் இல்லை. பத்து நாளில் விட்டுவிட்டேன்.

பதில் கேபிளிலேயே இருந்தது. கேபிளுக்கும் கப்பிக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் வைத்து, அதன் நீட்சியை அளந்தால் இழுவை தெரிந்துவிடும். 1995-இல் எம்ஐடியின் பிராட்டும் வில்லியம்சனும் ரோபோக்களுக்கு எழுதிய யோசனை அது. மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன் ஸ்பிரிங், பக்கத்தில் ஒலிப்பலகைகளில் மேலும் கீழும் தள்ளுவோமே, அந்தச் சறுக்கு மின்தடை. மோட்டார் விரலைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவரே விரலை ஓர் இழை நீட்டினால்கூட ஸ்பிரிங் தளரும், எண் இறங்கும். ஸ்பிரிங் 8 மி.மீ. வரை நீள்வதால் கப்பியின் சுற்று போதவில்லை. ஆரத்தை 18 மி.மீ. ஆக்கினேன். மோட்டார் வேலை 3.7-க்கு ஏறி, மூன்றில் ஒரு பங்கு என்ற கோட்டில் போய் நின்றது. கோட்டைத் தொட்டாலும் சூடாகவில்லை. எதிர்பாராத லாபம், ஸ்பிரிங் இருப்பதால் மோட்டாரின் அதிர்வு விரலுக்குப் போகவில்லை.

முறை இப்படி அமைந்தது. விளக்கு எரியும். நான்கு விநாடி மோட்டார் அசையாது. அதற்குள் இழுவை 8 சதவீதம் குறைந்தால் மிச்சத்தை மோட்டார் முடித்து வைக்கும். குறையாவிட்டால் விளக்கு அணையும், விரல் மூடியே இருக்கும், எட்டு விநாடி ஓய்வு. தொடர்ந்து மூன்று முறை வெற்றி என்றால் 8 என்பது 9 ஆகும். ஐந்து முறை தோல்வி என்றால் ஒரு படி இறங்கும்.

முதல் நாள் கொடுமை. 40-இல் 3. அதிலும் இரண்டு, அவர் தோளை அசைத்ததால் வந்த பொய் வெற்றி. "உன் மெஷின் கெட்டுப் போச்சு" என்றார் கோபமாக. நல்லா ஓடிக்கொண்டிருந்ததை ஏன் கெடுத்தேன் என்று எனக்கே சங்கடம். வரம்பை 8-லிருந்து 4-க்கு இறக்கினேன், முழங்கையைப் பலகையில் பட்டி போட்டு நிறுத்தினேன், நான்கு விரலை விட்டுவிட்டுச் சுட்டுவிரல் மட்டும் என்று ஆக்கினேன். மறுநாள் 40-இல் 11. அன்றைக்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. விளக்கு எரிந்ததும் விரலை முறைத்துப் பார்ப்பார், உதட்டைக் கடிப்பார். எண்ணிக்கை 120-லிருந்து 60-ஆகக் குறைந்தது. அதற்குமேல் போனால் களைத்துவிடுகிறார், களைத்தால் விறைப்பு கூடுகிறது. எண்ணிக்கைக்காகத்தான் இந்தக் கருவியையே தொடங்கினேன் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் ஆகிறது. பிசியோதெரபிஸ்ட் கோணமானி வைத்து அளந்தது: கருவி இல்லாமல் அவரே நீட்டியது சுட்டுவிரல் அடிக்கணுவில் 15 பாகை, நடுவிரலில் 10, மற்ற இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆஷ்வொர்த் அதே 2. இந்த 15 பாகை கருவியால் வந்ததா, அவரோடு வாரம் இரண்டு முறை உட்காரும் பிசியோதெரபிஸ்ட்டால் வந்ததா, தானாகவே வந்திருக்குமா என்று ஒரே ஒரு கையை வைத்துச் சொல்ல முடியாது. 15 பாகை என்பது விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே ஒரு துணி மடிப்பு நழுவி வெளியே வரும் அளவு இடைவெளி. போன வாரம் துணியின் ஓரத்தை வலது கையில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் நேராக்கி, பிறகு வலது கையைத் தொடாமலே விட்டார். இரண்டு தடவை முடிந்தது, மூன்றாவது தடவை முடியவில்லை.

இப்போது பாக்கி வேலை: சறுக்கு மின்தடையில் தூசி சேர்ந்து எண் துள்ளுகிறது, காந்த உணரிக்கு மாற வேண்டும். நடுவிரல் கேபிள் குழாயின் வாயில் உராய்ந்து பிசிறு விட்டிருக்கிறது. அப்புறம், சுண்டுவிரல் வளையத்தின் தையல் மறுபடி விட்டுப்போயிருக்கிறது. அதைப் பிரித்து என் மடியில் போட்டு, ஊசியில் நூலையும் நான்தான் கோக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, முனையைப் பிடிக்கத் தன் வலது கையை நீட்டியிருக்கிறார்.